மைனஸ்கள் சேரலாம், பிளஸ்கள் சேரக்கூடாது

(ரோபோ செய்யும் ஆர்வமுள்ள பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரோபோவுக்கு நடை சொல்லிக்கொடுக்கும் நிரலைப் பற்றிப் பேச இங்கே ஆள் பஞ்சம் இல்லை. காலை அமர்வு முழுக்க அதைத்தான் கேட்டீர்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது பேட்டரியிலிருந்து சர்வோ கன்ட்ரோலர் வரைக்கும் போகிற இரண்டே இரண்டு வயர். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இதற்கு ஒரு மணி நேரமா என்று அழைப்பிதழைப் பார்த்து யாரோ கேட்டார்களாம். கேட்டதில் தப்பில்லை. ஆனால், நடக்காமல் நிற்கிற ரோபோக்களில் பாதிக்கு மேல் நிரலால் நிற்கவில்லை, இந்த இரண்டு வயரால்தான் நிற்கின்றன என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். ஆறு கால் பூச்சி. காலுக்கு மூன்று மூட்டு, மூட்டுக்கு ஒரு சர்வோ, ஆக மொத்தம் 18. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருகிற எம்ஜி996ஆர் சர்வோ. அவற்றை இயக்க பிசிஏ9685 சிப் வைத்த 16 சானல் போர்டு இரண்டு, போர்டுக்கு ஒன்பது சர்வோ. மேலே மூளையாக ஓர் அர்டுயினோ ஊனோ. உங்களில் பலர் இதையோ இதற்குத் தம்பியையோ செய்துகொண்டிருப்பீர்கள்.

சுவிட்சைப் போடுகிறீர்கள். பூச்சி எழுந்திருக்கப் பார்க்கிறது. பாதி எழுந்ததும் கால்கள் வெடவெடக்கின்றன, தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நொடி கழித்து மறுபடி எழுகிறது, மறுபடி உட்காருகிறது. நிரலில் ஏதோ லூப் சிக்கிக்கொண்டது என்று மடிக்கணினியைத் திறந்து வரி வரியாகத் தேடுவார்கள். நடந்தது வேறு. 18 மோட்டாரும் ஒரே சமயத்தில் இழுத்ததில் வோல்ட்டேஜ் சரிந்தது. ஊனோவில் உள்ள சிப், வோல்ட்டேஜ் ஏறக்குறைய 2.7க்குக் கீழே போனால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். ரீசெட் ஆனதும் நிரல் முதல் வரிக்குப் போய், 'எழுந்து நில்' என்று மறுபடி கட்டளை கொடுக்கிறது. கட்டளை கிடைத்ததும் 18 மோட்டாரும் மறுபடி இழுக்கின்றன. நிரலில் ஒரு பிழையும் இல்லை. எழுதியது எழுதியபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி இழுக்கிறது? சர்வோவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன டிசி மோட்டார், நாலைந்து பல்சக்கரம், கோணத்தை அளக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு குட்டி சர்க்யூட். டிசி மோட்டார் சுழலும்போது தானே ஒரு டைனமோவாகவும் ஆகி, வருகிற வோல்ட்டேஜை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பு இருப்பதால்தான் ஓடுகிற மோட்டார் குறைவாகச் சாப்பிடுகிறது. நிற்கிற மோட்டாரில் எதிர்ப்பு கிடையாது. சுற்றுக்கம்பியின் சொற்ப மின்தடை மட்டும்தான் கரன்டைத் தடுக்கும். அதனால், சுமை தாங்காமல் மாட்டிக்கொண்டு நிற்கும் சர்வோ எவ்வளவு கரன்ட் எடுக்குமோ, அதே கரன்டை நல்ல சர்வோவும் ஒவ்வொரு முறை அசையத் தொடங்கும் கணத்தில் எடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கூட்டல் பெருக்கல்தான்.

எம்ஜி996ஆரின் தகவல் தாளில் 6 வோல்ட்டுக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். ஓடும்போது 500 முதல் 900 மில்லி ஆம்பியர். தடைப்பட்டு நிற்கும்போது 2.5 ஆம்பியர். கடையில் கேட்டால் முதல் எண்ணைச் சொல்வார்கள். நீங்கள் வயரும் பேட்டரியும் வாங்க வேண்டியது இரண்டாவது எண்ணை மனதில் வைத்து. 18ஐ 0.9ஆல் பெருக்கினால் 16 ஆம்பியர். 2.5ஆல் பெருக்கினால் 45 ஆம்பியர்! நடக்கும்போது மூன்று கால் தரையில், மூன்று கால் காற்றில் என்று மாறி மாறி வருவதால் 45 எப்போதும் வராது. ஆனால் சுவிட்ச் போட்ட முதல் கணத்தில், எல்லா மூட்டும் இருக்கிற இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு ஒன்றாகப் பாய்கிறபோது, அதன் பக்கத்தில் போய்விட்டு வரும். இந்த ஓர் இடத்தில் மட்டும் நிரல் எழுதுகிறவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கால்களை ஒவ்வொன்றாக, சிறு இடைவெளி விட்டு எழுப்புங்கள். செலவில்லாத வைத்தியம்.

இனி பேட்டரி. மல்டிமீட்டருக்குள் இருக்குமே, சதுரமான 9 வோல்ட் பேட்டரி, அதை ரோபோவின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதற்குள் ஆறு குட்டி செல்கள் வரிசையாக இருக்கின்றன. புதிதாக இருக்கும்போதே அதன் உள் மின்தடை ஒன்றரை, இரண்டு ஓம் வரும். ஒரு ஆம்பியர் இழுத்தால் இரண்டு வோல்ட் அங்கேயே போய்விடும். ஒரே ஒரு எம்ஜி996ஆர் அதைப் படுக்கவைத்துவிடும். நான்கு ஏஏ அல்கலைன் செல் பரவாயில்லை, எஸ்ஜி90 மாதிரிச் சின்ன சர்வோ இரண்டு மூன்றுக்குப் போதும், அதற்குமேல் தாங்காது.

முதல்முறை ரோபோ செய்கிறவர், அதிலும் பள்ளி மாணவர் என்றால், நான் சொல்வது ஐந்து செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக். செல்லுக்கு 1.2 வீதம் 6 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் 7 வோல்ட்டைத் தொடும், அதை எம்ஜி996ஆர் தாங்கும், 6 வோல்ட்டே உச்சம் என்று போட்ட சர்வோவும் போர்டும் தாங்காமல் போகலாம், பார்த்துக்கொள்ளுங்கள். கனம் அதிகம், கவர்ச்சி குறைவு. ஆனால் தப்பு செய்தால் பெரும்பாலும் மன்னித்துவிடும். லித்தியம் மன்னிக்காது.

நம் ஆறு கால் பூச்சியால் அந்தக் கனத்தைச் சுமக்க முடியாது, லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிதான் வேண்டும். இரண்டு செல், 7.4 வோல்ட், 2200 எம்ஏஹெச், 25சி என்று அட்டையில் போட்டிருக்கும். 2.2ஐ 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர் தரும் என்று அர்த்தம். தயாரிப்பாளர் பெருந்தன்மையோடு போட்ட எண் அது, பாதியை நம்புங்கள். தனித்தனி 18650 செல் வாங்கிக் கட்டலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் 9900 எம்ஏஹெச் என்று அச்சடித்த செல் கடைகளில் கிடைக்கிறது பாருங்கள், அது பொய். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்த உருளைக்குள் அவ்வளவு அடைக்க இன்னும் யாருக்கும் தெரியாது. நல்ல கம்பெனி செல்லே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். கொள்ளளவில் பொய் சொல்கிற செல், கரன்ட் விஷயத்தில் உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா?

7.4 என்பது பெயருக்கு. முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2, ஆக 8.4 வோல்ட். எம்ஜி996ஆரின் உச்ச வரம்பு 7.2. நேராகக் கொடுத்தால் உடனே புகை வராது, ஒரு வாரம் ஓடும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். நடுவில் வோல்ட்டேஜைக் குறைக்கிற பக் கன்வெர்ட்டர் வேண்டும். விமானம் பறக்கவிடுகிறவர்கள் யூபெக் என்பார்கள். மூன்று கால் 7805 ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அது ஒன்றரை ஆம்பியருக்குமேல் தராது, மிச்ச வோல்ட்டேஜை முழுக்கச் சூடாக்கித் தள்ளும். எல்எம்2596 என்று நீலநிற போர்டு வருமே, அதுவும் 3 ஆம்பியரோடு சரி. நம் கணக்குக்கு, தொடர்ந்து 10 ஆம்பியருக்குமேல் தரக்கூடிய, 6 வோல்ட்டில் வைத்த யூபெக் இரண்டு, போர்டுக்கு ஒன்று. திருகி வோல்ட்டேஜ் மாற்றும் வகையாக இருந்தால், சர்வோ எதையும் செருகாமல் முதலில் மல்டிமீட்டரில் 6 வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டு யூபெக்கின் பிளஸ்ஸையும் முறுக்கி ஒன்றாக்கினால் 20 ஆம்பியர் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்காது. ஒன்று 6.02, இன்னொன்று 5.97 என்று இருக்கும். கூடுதலாக இருப்பது முழுச் சுமையையும் தானே தூக்கி, சூடாகி, நின்றுவிடும். பிறகு மற்றது தூக்கும், அதுவும் நிற்கும். இந்த உரையின் தலைப்புக்கு வந்துவிட்டோம். ஒரு ரோபோவில் எத்தனை மின்மூலம் இருந்தாலும் எல்லா மைனஸும் ஓரிடத்தில் சேர வேண்டும். இரண்டு மூலத்தின் பிளஸ்கள் எந்த இடத்திலும் சேரக்கூடாது.

பிசிஏ9685 போர்டில் இதை மீறுவது மிகச் சுலபம். அதில் இரண்டு பிளஸ் உண்டு. விசிசி என்பது சிப்புக்கு, வி பிளஸ் என்பது சர்வோக்களுக்கு. சிப் 5.5 வோல்ட் வரைதான் வேலை செய்யும். அவசரத்தில் 7.4ஐ விசிசியில் கொடுத்தால் சிப் போகும். சிக்னல் கோடுகளை விசிசியோடு இணைக்கும் ரெசிஸ்டர்கள் போர்டிலேயே இருப்பதால், பின்னாலிருக்கும் மூளையும் அடி வாங்கும். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் விசிசிக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், 5 கூடாது. பையின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்குபவை அல்ல.

இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு போர்டைத் தோளோடு தோள் இணைக்க இரு பக்கமும் ஆறு பின் இருக்கும். அந்த ஆறில் ஒன்று வி பிளஸ். ஆறு வயர் கேபிளை அழகாகச் செருகினீர்கள் என்றால், தனித்தனியாக வைத்த இரண்டு யூபெக்கின் பிளஸும் உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்துவிட்டன. அந்த ஒரு பின்னை மட்டும் விட்டுவிடுங்கள். லின்க்ஸ்மோஷன் எஸ்எஸ்சி-32 போர்டு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான், அங்கே பின்னுக்குப் பதில் ஜம்பர். சர்வோ மின்சாரத்தையும் லாஜிக் மின்சாரத்தையும் சேர்க்க ஒரு ஜம்பர், முதல் 16 சானலையும் அடுத்த 16ஐயும் சேர்க்க வேறு ஜம்பர்கள். தனித்தனி பேட்டரி கொடுக்கும் முன் அவற்றை உருவிவிட வேண்டும்.

மைனஸ் ஏன் சேர வேண்டும்? சர்வோவுக்குப் போகும் சிக்னல் ஒரு துடிப்பு. நொடிக்கு 50 முறை வரும். 1 மில்லிசெகண்ட் நீண்டால் ஒரு கோடி, 2 என்றால் மறுகோடி, ஒன்றரை என்றால் நடு. 5 வோல்ட் என்று ஊனோ சொல்வது தன் கிரவுண்டிலிருந்து 5. சர்வோவின் கிரவுண்ட் அதோடு சேராமல் மிதந்தால், அந்த 5க்கு சர்வோவிடம் மதிப்பே இல்லை, கண்டபடி நடுங்கும்.

சேர்க்கிற முறையிலும் ஒரு விஷயம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பேட்டரியின் தடித்த மைனஸ் நேராக சர்வோ போர்டின் டெர்மினலுக்கு வர வேண்டும். ஊனோவுக்கு அங்கிருந்து ஒரு மெல்லிய வயர் போதும். ஊனோவுக்கும் அதே பேட்டரியிலிருந்து தனி மைனஸ் இழுத்திருக்கிறீர்கள், நடக்கிற அதிர்ச்சியில் போர்டின் தடித்த மைனஸ் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் நிற்காது. சிக்னலுக்காகப் போட்ட முடிக்கம்பி வழியே, ஊனோவின் கிரவுண்ட் கோட்டைச் சுட்டுக்கொண்டு பேட்டரிக்குத் திரும்பும். யூஎஸ்பியில் மடிக்கணினி மாட்டியிருந்தால் அதற்கும் பங்கு போகலாம்.

அந்த முடிக்கம்பியைப் பற்றியே பேசுவோம். பலநிறத்தில் கொத்தாக வரும் ஜம்பர் வயர் சிக்னலுக்கு மட்டுமே பிறந்தது. 28 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.21 ஓம். 20 சென்டிமீட்டர் பிளஸ், 20 சென்டிமீட்டர் மைனஸ் சேர்த்து 0.085 ஓம். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 5 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய், 2 வாட் சூடாக வயரின் தோலை இளக்கும். பிரெட்போர்டும் அப்படித்தான், உள்ளே இருக்கும் கிளிப் ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான். நீளமான மெல்லிய கோட்டின் கடைசியில் இருக்கும் சர்வோவின் நிலை காவிரியின் கடைமடை விவசாயியின் நிலைதான்: மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிஞ்சினால் உண்டு.

பேட்டரியிலிருந்து வரும் பொது வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் 1.5. எலெக்ட்ரிக்கல் கடையில் பல இழை வயர் என்று கேளுங்கள், ஒற்றைக்கம்பி ரோபோவின் ஆட்டத்தில் முறியும். சிலிகான் உறை போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. போர்டின் செம்புக் கோட்டையும் மறக்க வேண்டாம். வழக்கமான சர்க்யூட் போர்டில் செம்பின் தடிமன் 0.035 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் அகலக் கோடு பார்க்கப் பெரிதாக இருக்கும், குறுக்குப் பரப்பு 0.175 சதுர மில்லிமீட்டர்தான். 18 சர்வோவையும் ஒரே டெர்மினல் வழியாக ஊட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கெப்பாசிட்டர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சர்வோவுக்கு 100 மைக்ரோஃபாரட் வீதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி ஒன்பதுக்கு 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் ஒன்றை டெர்மினலுக்கு நெருக்கமாக வையுங்கள், நல்லதுதான். ஆனால் 10 ஆம்பியர் இழுக்கும்போது 1000 மைக்ரோஃபாரட்டில் ஒரு வோல்ட் சரிய எவ்வளவு நேரம் ஆகும்? 0.1 மில்லிசெகண்ட். மோட்டார் வேகம் பிடிக்க அதைப்போலப் பல நூறு மடங்கு நேரம் வேண்டும். கெப்பாசிட்டர் கூரிய முட்களை மழுக்கும். பலவீனமான பேட்டரியையும் மெல்லிய வயரையும் அது காப்பாற்றாது.

ஃபியூஸ் விஷயத்தில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். நல்ல லிப்போ ஷார்ட் ஆனால் ஒரு கணத்துக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தட்டை ஃபியூஸும் அதன் ஹோல்டரும் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பேட்டரி பிளஸ்ஸில், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், ஒரு மஞ்சள். போர்டுக்குப் போகும் கிளை ஒவ்வொன்றிலும் ஒரு நீலம். ஃபியூஸ் சர்வோவைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அது காப்பது வயரை, வயர் வழியாக வீட்டை. அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். கோடியில் வைத்தால் நடுவில் நடக்கும் ஷார்ட் அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் செம்பு இழையை நாலாக மடித்துச் சுற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. ரோபோவுக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

இணைப்பானுக்கு எக்ஸ்டி60 போடுங்கள். உருவமே தலைகீழாகச் செருக விடாது. பேட்டரிப் பக்கம் பெண் முனை, அதில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் சால்டரிங் செய்கிற நாம் நிறம் மாற்றி வைத்தால் எந்த உருவமும் காப்பாற்றாது, ஆகவே முடிந்ததும் மீட்டரில் பிளஸ், மைனஸ் பாருங்கள். சர்வோ பிளக்கில் சிவப்பு நடுவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், திருப்பிச் செருகினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். போர்டின் டெர்மினலில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பேட்டரியின் பழைய முனையை மாற்றும்போது இரண்டு வயரையும் ஒரே கத்தரியில் நறுக்காதீர்கள், கத்தரிதான் ஷார்ட். ஒன்றை வெட்டி, முனையை மாற்றி, டேப் சுற்றிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

முதல்முறை மின்சாரம் கொடுக்க ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய முறை ஒன்று இருக்கிறது: சீரிஸ் பல்பு. கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை பிளஸ் வழியில் தொடராக இணையுங்கள். சர்வோ எதையும் செருக வேண்டாம். பேட்டரியைக் கொடுத்ததும் பல்பு ஒருமுறை மினுக்கி அணைந்தால் கெப்பாசிட்டர்கள் நிரம்பின, வயரிங் சரி. தொடர்ந்து எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு எரியும், போர்டு எரியாது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, வி பிளஸ்ஸில் 6 இருக்கிறதா என்று அளந்து, ஒரு சர்வோ, பிறகு ஒரு கால், பிறகு ஒரு பக்கம். ரோபோ ஸ்டாண்டில் தொங்கட்டும், கால் தரையைத் தொட வேண்டாம். கரன்டை அளக்க வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கினால், டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். பல மீட்டர்கள் ஏசி மட்டும்தான்.

சார்ஜ் பற்றிச் சுருக்கமாக. பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் லிப்போ வாங்காதீர்கள். 2200 எம்ஏஹெச் பேக்குக்கு 2.2 ஆம்பியருக்குமேல் வைக்காதீர்கள். செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். குட்டி பஸ்ஸர் ஒன்றை பேலன்ஸ் முனையில் மாட்டி 3.5க்குக் கத்தும்படி வைத்தால் போதும். சும்மா வைத்திருக்கும்போது 3.8. உப்பிய பேக்கை அன்றே ஓய்வு கொடுத்து அனுப்புங்கள். விடுதி அறையில் கட்டிலுக்கடியில் சார்ஜ் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து பக்கத்தில் இருங்கள், துணி, காகிதம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

மல்டிமீட்டரும் சீரிஸ் பல்பும் இந்த மேசையில் இருக்கின்றன. ரோபோ கொண்டுவந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், வயரிங்கைப் பார்த்துவிடலாம். பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கையில் எடுத்துவாருங்கள்.